செங்காந்தளும் ரஸாயன சாலையும்

தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் பூக்கும் பருவத்தில், காலை வேளையில் செல்பவர்கள் ஒரு வினோதமான காட்சியைக் காணலாம். கம்பிப் பந்தலிலே பற்றிப் படர்ந்த கொடிகளில் செங்காந்தள் மலர்ந்து நிற்க, குடியானவர்கள் ஆணும் பெண்ணுமாய் வரிசை வரிசையாக நடந்து, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து மற்றொரு பூவின் சூல்முடியில் கையாலே தடவிக்கொண்டு போவார்கள். வண்டு செய்ய வேண்டிய வேலையை மனிதர் செய்கிறார்கள். அப்படிச் செய்யாவிடில் காய் பிடிப்பது குறைந்துவிடும். காய் குறைந்தால் விதை குறையும். அந்த விதைக்காகவே இவ்வளவு பிரயாசையும்.

சங்கப் புலவர்கள் காந்தள் என்று பாராட்டிய இம்மலரை இன்று தமிழ்நாட்டின் மாநில மலர் என்று கௌரவித்திருக்கிறோம். கண்வலிக்கிழங்கு என்றும், கலப்பைக்கிழங்கு என்றும், கார்த்திகைப்பூ என்றும் ஊருக்கு ஒரு பெயர். இதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பதைக் கிராமத்துக் குழந்தையும் அறியும். அந்த நஞ்சே உலகத்து வைத்தியர்கள் தேடும் ஔஷதம் என்பதையும், அதன் பொருட்டு இச்செடியை வர்த்தக முறையில் பயிரிடுவதில் நமது மாகாணம் முதன்மையான ஸ்தானம் வகிக்கிறது என்பதையும் அறிந்தவர் வெகு சிலரே. அறிந்தவர்களிலும், அந்த விதை பண்ணையை விட்டுப் போன பிறகு என்ன ஆகிறது என்று விசாரித்தவர்கள் அதனினும் சிலர். ஆகவே இவ்விஷயத்தைப் பற்றி இன்று சிறிது விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

விதையில் உள்ள சத்துக்குக் கால்ச்சிசின் என்று பெயர். ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் பூக்கும் கால்ச்சிகம் என்ற வேறொரு செடியிலிருந்து 1820ஆம் வருஷத்தில் பெல்லட்டியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சு ரஸாயன நிபுணர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள். அதே வருஷத்தில் சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்களும் இவர்களே. கௌட் என்னும் மூட்டு வீக்க நோய்க்குக் கால்ச்சிசின் கைகண்ட மருந்து. இருதய நோயாளிகளுக்கு மாரடைப்பு முதலிய ஆபத்துக்களைக் குறைப்பதற்காகச் சிறு அளவில் இதனை வழங்கலாமென்று 2023ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்க மருந்து அதிகாரிகள் அனுமதி கொடுத்தனர். கௌட் நோயாளிகளின் தொகை வேறு, இருதய நோயாளிகளின் தொகை வேறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் விலையின் கதையும் வேடிக்கையானது. இம்மருந்து அமெரிக்காவில் நெடுங்காலமாக மாத்திரை ஒன்று சுமார் 9 சென்ட் விலைக்குக் கிடைத்து வந்தது. 2009இல் ஒரு கம்பெனி சில பரீக்ஷைகளை நடத்தி முறைப்படி அனுமதி பெற்றுத் தனியுரிமையும் பெற்றுக்கொண்ட பிறகு, அதே மாத்திரை ஏறக்குறைய 5 டாலர் ஆயிற்று. செடி மாறவில்லை, விதை மாறவில்லை, மாத்திரைக்குள் இருக்கும் வஸ்துவும் மாறவில்லை. மாறியது காகிதம். வக்கீல் தொழிலில் பழகிய நமக்குக் காகிதத்தின் சக்தி தெரியாததன்று; ஆயினும் இவ்வளவு சக்தி உண்டென்று நாமும் எதிர்பார்க்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு நம்மிடம் ஆலோசனை கேட்க வந்த ஒரு குடியானவரை நினைத்துக்கொள்கிறோம். ஒன்றரை ஏக்கரில் கண்வலி போட்டவர். கிழங்கு வாங்கவும் பந்தல் போடவும் கடன் பட்டு, பனியிலும் வெயிலிலும் பூ தடவி, காய் பறித்து உலர்த்தி, விதையைத் தரகரிடம் ஒப்புவித்தார். விலை பேசியது ஒன்று; இரண்டு மாதம் கழித்துக் கையில் வந்தது அதில் ஏறக்குறைய பாதி. கேட்டதற்கு, “உங்கள் விதையில் சத்துக் குறைவென்று கம்பெனியார் சொல்லிவிட்டார்கள்” என்று பதில். எத்தனை சத்து, யார் அளந்தது, எங்கே அளந்தது, அதற்குச் சீட்டு உண்டா என்று நாம் கேட்டோம். அவர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்குத் தொடுக்க ஆதாரம் ஒன்றுமில்லை. எடைச் சீட்டு ஒன்றுதான் இருந்தது. கூலி வாங்காமல் அனுப்பினோம் என்பதைத் தவிர அவருக்கு நாம் செய்த உபகாரம் ஒன்றுமில்லை.

இந்தச் சிறு சம்பவத்தில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. விதையை விளைவிப்பவனிடம் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்ற அறிவு இல்லை. அவ்வறிவு வாங்குபவனிடம் மட்டும் இருக்கிறது. விலை பேசும் இருவரில் ஒருவன் கண்ணைக் கட்டிவிட்டால் வியாபாரம் எப்படி நடக்குமோ அப்படி நடக்கிறது.

நாம் மிகைப்படுத்திப் பேச விரும்பவில்லை. பல்லாண்டுகளாக நமது விதையில் பெரும் பகுதி ஐரோப்பியக் கம்பெனிகளுக்கே சென்று வந்தது உண்மை. இந்தியாவிலும் கால்ச்சிசினைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலைகள் ஏற்பட்டிருப்பதும் உண்மை. கால்ச்சிசினோடு அதே விதையில் இருக்கும் கால்ச்சிகோஸைடு என்ற மற்றொரு சத்தை எடுத்து, அதன் அணுக்கூட்டத்தில் ஓர் ஓரத்திலுள்ள பகுதியை நீக்கி, அந்த இடத்தில் கந்தகம் சேர்ந்த பகுதியைப் பொருத்தினால், தையோகால்ச்சிகோஸைடு என்ற மருந்து கிடைக்கிறது. இடுப்புப் பிடிப்புக்கும் கழுத்து வலிக்கும் நம் ஊர் மருந்துக் கடைகளில் தினந்தோறும் விற்கும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பது இதுதான். ஆகவே நமக்குத் திறமையே இல்லை என்று அழுவது பொய்யழுகை. விளைகிற ஊரில் அந்தத் திறமை வேர் ஊன்றவில்லை. விளைவிக்கிறவனுக்கு அதன் பலன் வந்து சேரவில்லை. நமது புகார் அவ்வளவே.

இங்கே இரண்டு கட்சியாரின் தவறான அபிப்பிராயங்களை நாம் விலக்க வேண்டியிருக்கிறது. பச்சிலையைப் பறித்து அரைத்தால் போதும், ரஸாயன சாலை எதற்கு என்பவர்கள் ஒரு கட்சி. கண்வலிக்கிழங்கின் விஷயத்தில் அவர்களுடைய உபதேசத்தைக் கேட்பவர் பிழைக்கமாட்டார். மருந்துக்கும் மரணத்துக்கும் இடையே உள்ள அளவு இதில் அத்தனை நெருக்கம். தராசும் சுத்தியும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. இனி மறு கட்சியார், இந்த விஞ்ஞான யுகத்தில் எல்லாவற்றையும் நிலக்கரித் தாரிலிருந்தும் மண்ணெண்ணெயிலிருந்தும் செய்துவிடலாம், செடியை நம்புவது பழங்கதை என்கிறார்கள். இவர்கள் படித்தவர்களாகையால் இவர்களுக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

கால்ச்சிசினை முழுதும் ரஸாயன சாலையிலேயே கட்டி முடித்த பெருமை ஸ்விட்ஸர்லாந்தின் ஸூரிச் நகரத்து எஷன்மோஸர் குழுவாருக்கு உரியது. அது 1959இல் நடந்தது. அதன் பிறகு அறுபது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும் வியாபாரத்துக்குக் கால்ச்சிசின் இன்றும் செடியிலிருந்தே வருகிறது. ஏன்? அத்தனை படிகளையும் ஏறி முடிப்பதற்குள், போட்ட சரக்கில் பெரும்பங்கு வழியிலேயே கரைந்துபோகிறது. செடியோ மண்ணையும் நீரையும் வெயிலையும் கொண்டு அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்து வைக்கிறது. புத்தியுள்ள ரஸாயன நிபுணன், செடி கட்டிவைத்த வீட்டை இடிக்காமல், அதில் ஒரு வாசலையோ ஜன்னலையோ மட்டும் மாற்றிக்கொள்கிறான். பாதி இயற்கை, பாதி மனித வேலை.

இதற்கு மிகச் சிறந்த திருஷ்டாந்தம் டாக்ஸால் என்னும் புற்றுநோய் மருந்து. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையில் இருந்த இதன் அமைப்பை வால், வாணி என்ற இருவர் 1971இல் வெளியிட்டார்கள். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். அம்மரமோ வளர்வதற்குத் தலைமுறைகள் எடுத்துக்கொள்ளும். நோயாளியின் உயிரா, வனத்தின் உயிரா என்ற தர்மசங்கடம் உண்டாயிற்று. பிரான்ஸ் தேசத்தில் பொத்தியே என்பவரின் குழுவார், ஐரோப்பிய யூ மரத்தின் இலையில், டாக்ஸாலின் பெரும்பகுதி ஏற்கனவே அமைந்த ஒரு வஸ்து தாராளமாக இருப்பதைக் கண்டார்கள். இலையைப் பறித்தால் மறுபடி துளிர்க்கும். அதனோடு ஒரு சிறு பக்கக் கிளையை ஒட்டவைக்கும் வழியை அமெரிக்காவில் ஹோல்டன் என்பவர் செம்மைப்படுத்தினார். 1994இல் டாக்ஸாலை முழுதும் செயற்கையாகவே செய்யும் வழியையும் இரண்டு குழுவார் காட்டினார்கள். விஞ்ஞான உலகம் கை தட்டியது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்தது இலை வழியாகத்தான்.

ஆகவே செடியும் வேண்டும், ரஸாயன சாலையும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் உடைய தேசத்துக்கு என்ன நேரும் என்பதை அறிய விரும்புவோர் மெக்ஸிகோவின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். நமக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை என்பது நமது திடமான அபிப்பிராயம்.

மெக்ஸிகோவின் தென்கிழக்குக் காடுகளில் வள்ளிக்கிழங்கு இனத்தைச் சேர்ந்த காட்டுக் கொடிகள் உண்டு. அவற்றில் ஒன்றுக்குப் பார்பாஸ்கோ என்று பெயர். நம் நாட்டில் சில காய்களை நசுக்கிக் குட்டையில் கலந்து மீன் மயக்கிப் பிடிப்பதுபோல, அந்நாட்டார் இக்கிழங்கைப் பயன்படுத்தி வந்தார்கள். அமெரிக்காவில் பென்ஸில்வேனியாவிலிருந்த ரஸ்ஸல் மார்க்கர் என்ற ரஸாயனப் பேராசிரியர், இவ்வினக் கிழங்குகளிலுள்ள டயோஸ்ஜெனின் என்ற சத்தைச் சில படிகளில் மாற்றிப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனாக்கலாம் என்று கண்டார். அந்நாளில் புரோஜெஸ்டிரோன் கிராம் ஒன்று 80 டாலர் வரை விற்றது. 1942இல் அவர் வேராகுரூஸ் மாகாணத்துக்குச் சென்று ‘கறுப்பன் தலை’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு பெருங்கிழங்கைத் தேடிப் பிடித்தார். அமெரிக்கக் கம்பெனிகளிடம் சொன்னார். மெக்ஸிகோவில் ரஸாயனத் தொழிலா என்று சிரித்தார்கள். அவர் மெக்ஸிகோ நகரத்துக்கே போய், அங்கிருந்த ஒரு சிறு மருந்துக் கம்பெனியின் சொந்தக்காரர்களைச் சந்தித்துச் சில கிலோ புரோஜெஸ்டிரோனை மேஜைமேல் வைத்தார். 1944இல் ஸின்டெக்ஸ் என்ற கம்பெனி பிறந்தது.

மறு வருஷமே இலாபப் பங்கைப் பற்றிச் சண்டை. மார்க்கர் தம்முடைய இரகசியத்தோடு வெளியேறினார். அவருடைய வேலையைத் தொடர, ஹங்கேரியில் பிறந்து, யுத்தத்தால் கியூபாவில் தங்கிவிட்ட ரோஸன்கிராண்ட்ஸ் என்ற நிபுணரை அழைத்து வந்தார்கள். அவர் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடித்தார். அதோடு நில்லாமல் அந்நாட்டு வாலிபர்களுக்குக் கற்றும் கொடுத்தார். இந்த இடத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஏழை விவசாய நாடு என்று பெயரெடுத்திருந்த மெக்ஸிகோவில், சில வருஷங்களுக்குள் உலகத்தின் தலைசிறந்த ரஸாயன சாலைகளில் ஒன்று நடைபெற்றது. மூட்டுவாதத்துக்கு அற்புத மருந்தென்று பேர் பெற்ற கார்ட்டிஸோனை 1951இல் அங்கே கிழங்கிலிருந்து செய்தார்கள். அதுவரை மிருகங்களின் பித்தத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட படிகள் ஏறி அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 15ஆம் தேதி, லூயிஸ் மிராமோண்டெஸ் என்ற 26 வயது மெக்ஸிகோ இளைஞர், ஜெராஸ்ஸி என்பவரின் மேற்பார்வையில், நாரெதிஸ்டிரோன் என்ற வஸ்துவைச் செய்து முடித்தார். பின்னாளில் உலகமெங்கும் பெண்கள் உட்கொண்ட கர்ப்பத்தடை மாத்திரைகளில் பல இதைக்கொண்டே செய்யப்பட்டன.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நாம் மகிழ்ச்சியோடு பேனாவை வைத்துவிடலாம். முடியவில்லை. 1956இல் ஸின்டெக்ஸ் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1960களின் முற்பகுதியில் அதன் ஆராய்ச்சியும் தலைமை ஸ்தானமும் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தன. காட்டில் கிழங்கு தோண்டுவது மட்டும் மெக்ஸிகோவில் நின்றது. பல்லாயிரம் ஏழைக் குடியானவர்கள் கூடை சுமந்து தோண்டி எடுத்து, எடைக்கு இத்தனை என்று சில்லறை வாங்கிக்கொண்டு போனார்கள். தாங்கள் தோண்டுவது எதற்குப் பயன்படுகிறது என்பதுகூட அவர்களில் அநேகருக்குத் தெரியாது. மூலனூர்க் குடியானவருக்கும் இவர்களுக்கும் இடையே கடல் இருக்கிறதே தவிர வேறு வித்தியாசமில்லை.

கடைசியில் சர்க்காருக்கு ரோசம் வந்தது. ஜனாதிபதி எச்செவெர்ரியாவின் காலத்தில், 1975ஆம் வருஷம், புரோக்கிவெமெக்ஸ் என்ற அரசாங்க ஸ்தாபனம் அமைத்துக் கிழங்கு வியாபாரத்தைக் கையிலெடுத்துக்கொண்டார்கள். குடியானவனுக்குக் கூடுதல் விலை. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இன்னும் கூடுதல் விலை. நோக்கம் உயர்ந்தது, அதைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. ஆனால் காலம் கடந்துவிட்டது. ஸோயா மொச்சையின் எண்ணெயிலிருந்து அதே ஹார்மோன்களைச் செய்யும் வழியை அமெரிக்கர்கள் வெகு நாளாகவே கைவசம் வைத்திருந்தார்கள். பெர்ஸி ஜூலியன் என்ற நீக்ரோ இனத்து மேதை 1940களிலேயே சிகாகோவில் அதைச் செய்து காட்டியிருந்தார். விலை ஏறியதும் கம்பெனிகள் கிழங்கை விட்டு மொச்சைக்கு மாறின. கிழங்கு காட்டிலேயே தங்கியது. தோண்டியவர்கள் பிழைப்பை இழந்தார்கள். அரசாங்க ஸ்தாபனம் நாளடைவில் மூடப்பட்டது.

மெக்ஸிகோ தவறியது எங்கே? கிழங்கு இருந்தபோது கல்வியும் இருந்தது. அக்கல்வியை நாட்டிலேயே நிலைநிறுத்தத் தவறினார்கள். கல்வி குடிபோன பிறகு கிழங்கைப் பிடித்துக்கொண்டார்கள். எந்த நிமிஷமும் வேறொரு செடி நம் செடியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். கற்ற கையின் இடத்தை அவ்வளவு எளிதில் பிடிக்க முடியாது.

நமது நீலகிரியே இதற்குச் சாக்ஷி சொல்லும். 1860களில் வெள்ளையர் சர்க்கார் அங்கே சிங்கோனாத் தோட்டங்கள் போட்டது. நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலையும் நடந்தது. ஆனால் சத்து மிகுந்த விதை 1865இல் டச்சுக்காரர் கைக்குப் போய், ஜாவாத் தீவு உலகச் சந்தையைக் கட்டியாண்டது. 1942இல் ஜாவா ஜப்பானியர் வசமானதும் நேச தேசங்கள் குயினைனுக்குத் திண்டாடின. அந்தத் திண்டாட்டத்தில் செயற்கை மலேரியா மருந்துகள் வலுப்பெற்றன. பிறகு ஜாவாவின் ராஜ்யமும் போயிற்று, நீலகிரியின் சிங்கோனாவும் மறைந்தது.

கண்வலிக்கு இந்த ஆபத்து இல்லை என்று யாராவது எண்ணினால் அவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறோம். 2020ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஸாட்டெலி என்ற அம்மையாரின் குழுவார், இச்செடி கால்ச்சிசினைக் கட்டும் வழியைப் படிப்படியாகக் கண்டறிந்து, அதில் பெரும்பகுதிக்கு வேண்டிய ஜீன்களைப் புகையிலை இனத்துச் செடி ஒன்றினுள் செலுத்தி, கால்ச்சிசினுக்கு முந்திய வஸ்து ஒன்றை அதன் இலையில் உண்டாக்கினார்கள். அவர்கள் ஆராய்ந்த செடி எது? நம்முடைய செங்காந்தள்தான். இன்று அது ஆராய்ச்சி மேஜையில் இருக்கிறது, அளவு சொற்பம். நாளை புகையிலையிலோ, புளிக்கவைக்கும் தொட்டியிலோ கால்ச்சிசின் மலிவாக வருமானால், ஒட்டன்சத்திரத்துப் பந்தல்களை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அந்த விஞ்ஞானிகள்மீது நமக்குக் கோபமில்லை. அறிவைத் தேடுவது அவர்கள் கடமை, செய்கிறார்கள். நம் மாநில மலரைப் பற்றிய அந்த அறிவை நாம் ஏன் முதலில் தேடவில்லை என்றுதான் கேட்கிறோம்.

இனிச் செய்ய வேண்டுவது என்ன? குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்க வேண்டுமென்றும், சர்க்காரே கொள்முதல் செய்ய வேண்டுமென்றும் விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். கோரிக்கை நியாயமானது, நாம் ஆதரிக்கிறோம். ஆயினும் விலையை மட்டும் உயர்த்தி அதோடு திருப்தியடைவோமானால் மெக்ஸிகோவின் 1975ஆம் வருஷத்தையே இங்கே நடத்துவோம்.

முதலாவது, அளவை. பால் சொஸைட்டியில் கொழுப்பைச் சோதித்துப் பாலுக்கு விலை கொடுக்கிறார்கள். கரும்புக்கு ஆலையில் கண்டுமுதலாகும் சர்க்கரையைக் கணக்கிட்டு விலை வைக்கிறார்கள். நூறு பங்கு விதையில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் ஒரு சத்துக்காகவே வாங்கப்படும் சரக்கை வெறும் எடைக்கு விற்பது என்ன நியாயம்? கால்ச்சிசினை அளக்கும் கருவி இப்போது நல்ல கலாசாலைகள் பலவற்றில் இருக்கிறது. அதில் ஒன்றைத் தாராபுரத்திலும் மற்றொன்றை வேதாரணியத்திலும் வைத்து, விதையைச் சோதித்து, சர்க்கார் முத்திரையிட்ட சீட்டு ஒன்றைக் குடியானவன் கையில் கொடுக்கட்டும். அச்சீட்டு இருந்தால் அன்று நம்மிடம் வந்தவருக்கு வழக்கு இருந்திருக்கும். பெரும்பாலும் வழக்கே வேண்டியிருந்திராது. நல்ல சத்துள்ள கொடி எது என்பதும் சீட்டுகளிலிருந்தே தெரியவரும். கோயம்புத்தூர் விவசாய சர்வகலாசாலையார் அதைக்கொண்டு சிறந்த கிழங்கைத் தேர்ந்து பெருக்கலாம்.

அடுத்தது, பிரித்தெடுப்பது. விதையை மூட்டையாக அனுப்புவதற்குப் பதில் சத்தாக அனுப்பும் ஒரு சாலையை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் நடத்த முடியும். தேயிலைக்கும் சர்க்கரைக்கும் நடத்துகிறவர்கள் இதற்கு நடத்த முடியாதென்று நாம் நம்பவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: இது நஞ்சைக் கையாளும் தொழில், கரைப்பான்களும் கழிவுகளும் உண்டு. சாயப்பட்டறைகள் நொய்யலை என்ன செய்தன என்பதும், 2011இல் சென்னை ஹைகோர்ட்டு அவற்றை மூடச் சொல்ல நேர்ந்ததும் அந்தப் பக்கத்தாருக்கு மறந்திராது. அமராவதிக்கும் அந்தக் கதி வருமானால், கண்வலி மருந்து ஒரு துளியும் வேண்டாம் என்று முதலில் எழுதுவது இந்தப் பத்திரிகையாகவே இருக்கும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் கடினமானது. அதுவே எல்லாவற்றிலும் அவசியமானது. பிரித்த சத்தை மாற்றும் வித்தை இங்கே வளர வேண்டும். ஒரே மருந்தை நம்பிப் பிரயோஜனமில்லை. தையோகால்ச்சிகோஸைடு உடலில் மாறி உண்டாகும் ஒரு வஸ்து ஜீவாணுக்களின் குரோமோஸோம் கணக்கைக் கெடுக்கக்கூடும் என்று கண்டு, 2013இல் ஐரோப்பிய அதிகாரிகள் அதன் உபயோகத்தைக் குறுக்கிவிட்டார்கள். கால்ச்சிசின் புற்றுநோய் அணுக்கள் பிளந்து பெருகுவதைத் தடுக்கும் சக்தியுடையது. ஆனால் அந்த வேலைக்கு அது உடல் தாங்காத நஞ்சு. அந்த நஞ்சைத் தணித்து, சக்தியைக் காக்கும் ஒரு மாறுதலை யாராவது கண்டுபிடிப்பாரானால் அவர் மனித குலத்துக்கே உபகாரி. அப்படித் தேடும் வாலிபர்களில் நாலு பேராவது, விதை விளையும் ஊருக்கு முப்பது மைலுக்குள் ஏன் இருக்கக்கூடாது?

நமக்குச் சாமர்த்தியம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1970ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டம், மருந்து என்ற வஸ்துவுக்குத் தனியுரிமை இல்லை, செய்யும் முறைக்கே உண்டு என்று விதித்தது. வேறு முறையைக் கண்டுபிடித்தால் மருந்தை நீயும் செய்யலாம் என்பது அதன் பொருள். 2005 வரை அச்சட்டம் இருந்த அந்தச் சில பத்தாண்டுகளுக்குள், இந்திய ரஸாயன நிபுணர்கள் முறைகளைக் கண்டுபிடித்துக் குவித்து, ஏழை தேசங்களுக்கெல்லாம் மலிவான மருந்து அனுப்பினார்கள். ஒரு நல்ல சட்டம் ஒரு தொழிலைப் படைக்கும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன. ஹைதராபாத்திலும் பம்பாய்ப் பக்கத்திலும் வேலை செய்யும் அவர்களில் தமிழர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் வீட்டாரைக் கேட்டால் தெரியும்.

ரஸாயன சாலை ஒன்று வந்தால் அது கண்வலியோடு நிற்கப்போவதில்லை. தெற்கே நித்தியகல்யாணி பயிராகிறது. அதன் இலையில் தனித்தனியே இருக்கும் இரண்டு சத்துக்களை இணைத்தால் புற்றுநோய் மருந்து உண்டாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கேம்ப்டோதெஸின் தரும் மரம் இருக்கிறது. அதையும் அடியோடு வெட்டி மூட்டை கட்டி விற்றவர்கள் உண்டு. அவற்றைப் பற்றிப் பிறிதொரு சமயம் எழுதுவோம்.

விதை அறுவடை நெருங்கும்போது வழக்கம்போலத் தரகர்கள் தராசோடு கிளம்புவார்கள். சர்வகலாசாலையும் மூன்றாவதாகச் சொன்ன ஆராய்ச்சியும் ஒரு வருஷத்தில் எழும்பிவிடாது என்பதை நாம் அறிவோம். சோதனைக் கருவியும், அதை இயக்க ஒரு ரஸாயனப் பட்டதாரியும், ரப்பர் முத்திரையும் மட்டும் அடுத்த அறுவடைக்குள் தாராபுரம் மார்க்கெட் கமிட்டிக் கட்டடத்தில் ஓர் அறையில் வந்து சேர முடியாதா? இதற்கு விவசாய மந்திரி பதில் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். பதில் வந்தால் இதே பக்கத்தில் பிரசுரிப்போம்.